போனில் பேசியவர்

கியர் அன்று காலை மாற்றி மாற்றிச் சட்டை போட்டுப் பார்த்தான். கடைசியில் முதலில் போட்டதையே மறுபடி மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"யாருக்குக் கல்யாணம், உங்களுக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"சிரிக்காதடி. இந்த ஆர்டர் கெடைச்சா வேலை நிரந்தரம்னு மேனேஜர் வாயாலயே சொல்லியிருக்காரு. இல்லேன்னா மறுபடியும் ஸ்டியரிங்தான்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவன் காலரை இழுத்துச் சரி செய்தாள். "கெடைக்கும், போங்க. நீங்க போன்ல பேசறதக் கேட்டா எனக்கே ஒரு மோட்டார் வாங்கணும்போல இருக்கு."

தண்ணீர் மோட்டார் விற்கிற கம்பெனி அது. அதன் மேனேஜருக்கு வருஷக்கணக்காகக் கார் ஓட்டியவன் இவன். கியர் என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. மேனேஜர் எங்கெங்கோ இறங்கிப் போய்விட, வண்டிக்குள் காத்துக்கிடந்த நேரத்திலெல்லாம் படித்து, தபால் வழியில் ஒரு டிகிரியும் வாங்கிவிட்டான். விற்பனைப் பிரிவில் இடம் காலியானதும் கேட்டான். கேட்டுக் கேட்டு அவன் நாக்கு தேய்ந்தபிறகு, "சரி, கொஞ்ச நாள் பாக்கலாம்" என்று பிரிண்டர் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார் மேனேஜர். காகிதம் எடுக்க வருகிறவர்கள் போகிற போக்கில், "கியர், ஒரு டீ சொல்லிடேன்" என்பார்கள். அடக் கொடுமையே, மேஜை மாறி என்ன பிரயோஜனம்!

அந்த மேஜையிலிருந்துதான் அவன் அந்த ஆஸ்பத்திரியைப் பிடித்தான். கட்டடம் முழுக்க மோட்டார் மாற்றப்போகிற பெரிய ஆஸ்பத்திரி. அங்கே சாமான் வாங்குகிற பொறுப்பில் ஒரு மேடம் இருந்தார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார். இவன் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுவான். வாரக்கணக்கில் இப்படியே போனில் பேசியபின், கடைசியில் மேடமே, "நேர்ல வாங்க சார், முடிச்சுடலாம்" என்றார். சார்! அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கு மனைவியின் காது புளிக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆபீசுக்குப் போனால், புது டிரைவருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு மேனேஜரோடும் கியரோடும் கூட வருவதற்குக் கண்ணாடிக்காரர் தயாராக நின்றார். கியரின் பக்கத்து மேஜைக்காரர், அதே பிரிவு, அதே வேலை. தினமும் சொந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருகிறவர். ஆனாலும் மேனேஜர் திரும்பியது யார் பக்கம் என்று கேட்கவும் வேண்டுமா?

"இன்னிக்கு ஒரு நாள் நீயே எடுத்துடுப்பா. உனக்கென்ன, பழகின கைதானே."

கண்ணாடிக்காரர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். கியர் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தான். வேறென்ன செய்ய? நல்ல நாளும் அதுவுமாக வாசலில் நின்று சண்டையா போட முடியும்?

ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் இறங்கிக்கொண்டார்கள். "நிறுத்திட்டு மேல வந்துடு" என்றார் மேனேஜர். பின்பக்கம் கொண்டுபோய் வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்தவனைக் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"டிரைவருங்களுக்கு அந்தப் பக்கம் ஷெட் இருக்கு."

"நான் டிரைவர் இல்லீங்க. மீட்டிங்குக்கு வந்திருக்கேன்."

காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானே வண்டிய ஓட்டிட்டு வந்தே? ரெண்டு கண்ணாலயும் பாத்தேனே."

"ஓட்டினேன், ஆனா..."

"அதெல்லாம் தெரியாது. மேலேர்ந்து யாராவது சொன்னா விடறேன்."

மேனேஜருக்குப் போன் செய்தான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தான், துண்டித்துவிட்டார். கண்ணாடிக்காரர் போனை அணைத்தே வைத்திருந்தார். வெயிலில் நின்று நின்று சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஷெட்டுக்குப் போனான். அங்கே பழகிய முகங்கள் சில இருந்தன.

"வாங்க ஆபீசர்! வழி தவறி வந்துட்டீங்களா?"

"டேய், எந்திரிங்கடா. ஐயாவுக்கு நாற்காலியத் துடைச்சுப் போடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். இவனோடு ஒரே பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள்தான். ஆனால் ஒருவரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. மேலே விடமாட்டேன் என்கிறார்கள், கீழே சேர்த்துக்கொள்ளமாட்டேன் என்கிறார்கள். ஒரு மனுஷன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? தூணில் சாய்ந்து நின்றபடி, மேடத்திடம் சொல்லவேண்டும் என்று தயார் செய்து வைத்திருந்ததையெல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

கடைசியில் போன் வந்தது. "வண்டிய வாசலுக்குக் கொண்டா." அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாசலில் மேனேஜரும் கண்ணாடிக்காரரும் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். வழியனுப்ப அந்த மேடமும் வந்திருந்தார். கியர் வண்டியை நிறுத்தினான், இறங்கினான், ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் சொல்லவில்லை. பழக்கதோஷம். திறந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. பாழாய்ப்போன கை!

"ஆர்டர் உங்களுக்குத்தான் சார், கவலைப்படாதீங்க" என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனா போன்ல பேசினாரே, அவரைப் பாக்கலாம்னு நெனச்சேன்."

"சொன்னேனே மேடம், அவருக்குத் திடீர்னு உடம்பு சரியில்லாம போச்சு" என்றார் மேனேஜர், வாய் கூசாமல். கியர் அவர் பக்கத்திலேயே, கையெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"மேடம், அது நான்தான்" என்றான் கியர். "மூணாவது மாடிக்குத் தண்ணி ஏறலேன்னு என்கிட்டதானே சொல்வீங்க."

மேடம் திடுக்கிட்டுத் திரும்பினார். "அட, அதே குரல்!"

மேனேஜர் கடகடவென்று சிரித்தார். "மிமிக்ரி மேடம். எங்க டிரைவரு. யார் குரல்ல வேணும்னாலும் பேசுவான்."

உண்மை தெரிந்த கண்ணாடிக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு, "அச்சு அசல் அப்படியே இருக்கே! எங்க, இன்னொரு தடவை பேசேன்பா" என்றார்.

நேற்று சாயங்காலம்வரை சார். இன்றைக்கு, பேசேன்பா. டிரைவர் மிமிக்ரி செய்வான் என்றால் உடனே நம்பிவிட்டார். அந்த டிரைவரேதான் பேசியிருப்பான் என்று அவருக்குத் தோன்றக்கூட இல்லை.

கியர் பேசினான். "நேத்து சொன்னீங்களே மேடம். வேற கம்பெனிக்குக் குடுக்கணும்னு உங்க பெரிய டாக்டர் ஒத்தக்கால்ல நிக்கறாரு, எங்களுக்காக அவரோட சண்டை போட்டுட்டிருக்கேன்னு. ஏன்னு கேட்டேன். 'நீங்க ஒருத்தர்தான் சார் என்னை முட்டாளா நடத்தல'ன்னீங்க."

மேடத்தின் சிரிப்பு நின்றது. கியரைப் பார்த்தார், அவன் பிடித்திருந்த கதவைப் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "பேப்பரெல்லாம் நாளைக்கு அனுப்பிடறேன் சார்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

"அறிவிருக்காடா உனக்கு?" என்று பல்லைக் கடித்தார் மேனேஜர். "என் மானத்தையே வாங்கிட்டியே!"

"ஆர்டர் கெடைச்சாச்சு சார். நிரந்தரம்னு சொல்லியிருந்தீங்க."

"மீட்டிங்குக்கே மேல ஏறி வராதவனுக்கு என்ன நிரந்தரம்? நாளைலேர்ந்து பழையபடி வண்டியப் பாரு. கெளம்பு, நேரமாகுது."

கியர் திறந்து பிடித்திருந்த கதவு வழியாகத் தானே உள்ளே ஏறினான். பின்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான்.

மேனேஜர் கார் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினார். "டேய், என்னடா பண்றே? வண்டிய யாருடா ஓட்டறது?"

கியர் கண்ணாடியை இறக்கினான். "அவரு நல்லா ஓட்டுவாரு சார்" என்று கண்ணாடிக்காரரைக் காட்டினான். "எனக்குத்தான் திடீர்னு உடம்பு சரியில்லாம போச்சே."