ஐந்து உருளைகளும் ஒரு மச்சானும்

டிராக்டர் டிரைவருக்கு முதுகில் இரண்டு காது என்று மைதானத்தில் கேலி செய்வார்கள். பின்னால் கட்டியிழுக்கும் புல்வெட்டியில் ஐந்து உருளைகள். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. எது ஒழுங்காகச் சுற்றுகிறது, எது முரண்டு பிடிக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். சக்கரம் உருள உருள உருளை சுற்றும். அதன் வளைந்த பிளேடுகள் கீழே இருக்கும் அடிக்கத்தியைத் தொட்டும் தொடாமலும் போய்ப் புல்லைக் கத்தரிக்கோல் மாதிரி நறுக்கும். வரிசையாகக் கிடக்கும் கால்பந்துத் திடல்கள், அவற்றைச் சுற்றிய சரிவு எல்லாம் அந்த ஐந்தின் பொறுப்பு.

அந்தப் புல்வெட்டிக்கு வயதாகிவிட்டது. மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டுச் சொன்னார்.

"புதுசு வாங்கப் போறோம். இதே மாதிரி உருளை வச்சதும் இருக்கு, விசிறி மாதிரி பிளேடு சுத்துறதும் இருக்கு. விசிறி வண்டியை ஓட்டிக் காட்டக் கொண்டு வர்றாங்க. நம்ம பழசையும் பக்கத்துல ஓட்டுங்க. பாத்துட்டு, எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

"உருளைதான் சார். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. உருளை நறுக்கும், விசிறி அடித்துப் பிய்க்கும், இரண்டு நாளில் புல் நுனி பழுத்துத் தெரியும். ஆனால் மழை பெய்து புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டால் உருளை அதை அமுக்கிவிட்டு மேலே போய்விடும், விசிறி அசராது. ஒரு சின்னக் கல் பட்டால் உருளைக்குப் பல் போய்விடும். விசிறிக்குப் பிளேடை மாற்றினால் முடிந்தது. இதெல்லாம் டிரைவருக்கு அத்துப்படி. அப்படியும் அவர் உருளைதான் என்று ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் புல் இல்லை. சனிக்கிழமை.

சனிக்கிழமை தோறும் ஷெட்டில் உருளைகளுக்குச் சாணையும் சீரும் நடக்கும். அது தனியாளாகச் செய்கிற வேலை இல்லை. ஒருவர் உருளையை மெல்லக் கையால் சுற்ற வேண்டும். இன்னொருவர் கத்திக்கு நடுவில் காகிதத்தை நீட்ட வேண்டும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை காகிதம் சுத்தமாக அறுபட்டால் சரி. மடங்கினால் மைதானத்து ஃபிட்டர் திருகை ஒரு துளி முடுக்குவான்.

ஆரம்பத்தில் காகிதம் நீட்டியவள் ஃபிட்டரின் அக்கா. டிக்கெட் கவுண்டரில் வேலை; விற்காத டிக்கெட்டுகளைக் கத்தையாகக் கொண்டுவருவாள். டிரைவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தையே "விரல் பத்திரம்" என்பதுதான். "எங்க அக்கா விரலைப் பத்திரமா பாத்துக்கிறேன்னு சொல்லிட்டு மொத்தக் கையையும் புடிச்சிட்டாரு" என்று கல்யாணப் பந்தியில் ஃபிட்டர் சொல்ல, சாப்பிட்டவர்களுக்குப் புரையேறியது. அதற்கப்புறமும் சனிக்கிழமைகளில் மூவரும் ஷெட்டில்தான். தோற்ற அணியின் டிக்கெட்டைத் தேடி எடுத்து, "இதை நல்லா நறுக்குங்க" என்று அவள் நீட்டுவாள். எண்ணெய் வாடையும் புல் வாடையும் அவள் சிரிப்புமாக அந்த இடம் நிறைந்திருக்கும். எவ்வளவு நன்றாக இருந்தது!

அவள் காலமான பிறகு காகிதத்தை மச்சான் ஃபிட்டரே நீட்டினான். வீட்டில் டிரைவருக்கு டிவிதான் பேச்சுத்துணை. சனிக்கிழமை மட்டும் ஒரு மனிதக் குரல், அதுவும் அவள் ஜாடை உள்ள குரல். விசிறி வண்டி வந்தால் சாணை இல்லை, காகிதம் இல்லை. பம்பு, மோட்டார் என்று ஃபிட்டருக்கு வேறு வேலை ஆயிரம் இருக்கிறது. சனிக்கிழமை அவன் எதற்கு வரப்போகிறான்?

ஓட்டிக் காட்டும் நாளன்று காலையில் அவர் ஒரு காரியம் செய்தார். பழசு ஜோராக வெட்டிவிட்டால் பேச்சே இல்லை என்று கணக்குப் போட்டு, ஃபிட்டருக்குத் தெரியாமல் ஸ்பேனரை எடுத்து ஐந்து உருளைகளின் திருகுகளையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கினார். இறுக்கம் கூடினால் வெட்டும் கூடும் என்று நினைப்பு. வாழ்நாள் முழுக்க இழுத்தவர்தான். திருகைத் தொட்டது அன்றுதான்.

டிராக்டர் பத்தடிகூடப் போகவில்லை. கத்தியோடு கத்தி கவ்விக்கொண்டு உருளைகள் கிறீச்சிட்டு நின்றன. உருளை நின்றால் சக்கரமும் நிற்கும். நின்ற சக்கரங்கள் புல்லைத் தரதரவென்று உரித்துக்கொண்டே வந்தன. நட்ட நடுத் திடலில் நீள நீளமாக மண் தெரிந்தது.

மேனேஜர் ஃபிட்டரைப் பிடித்துக்கொண்டார். "வாராவாரம் நீ சரி பண்ற லட்சணம் இதுதானா?"

ஃபிட்டர் குனிந்து திருகுகளைப் பார்த்தான். நிமிர்ந்து மாமாவை ஒரு பார்வை பார்த்தான். "நான்தான் சார். கொஞ்சம் ஓவரா இறுக்கிட்டேன்."

டிரைவர் இறங்கி, பிய்ந்த புல்லை எடுத்து மண்மேல் வைத்து மிதித்தார்.

ஷெட்டுக்குள் வந்ததும் ஃபிட்டர் கேட்டான்.

"ஏன் மாமா?"

"நல்லா வெட்டட்டும்னுதான் மாப்ள."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா ஏன் எதுக்குன்னு துருவுவ." டிரைவர் தரையைப் பார்த்தார். "அந்த வண்டி வந்துட்டா நீ இந்தப் பக்கம் எட்டிப் பாப்பியா?"

ஃபிட்டர் வலது கையை விரித்தான். ஸ்பேனர் முனையால் ஆள்காட்டி விரலைக் குத்தினான். முகம் மாறவில்லை.

"சாணை புடிச்சுப் புடிச்சு மரத்துப்போச்சு மாமா. காகிதம் எங்க, கத்தி எங்கன்னே தெரியல. நீங்க சுத்துறப்போ குத்துமதிப்பாத்தான் நீட்டுறேன்."

"அடப்பாவி! சொல்லித் தொலைக்க மாட்டியா?"

"சொன்னா சனிக்கிழமை தனியா கெடப்பீங்க."

அந்த விரல்கள் கத்திக்கு நடுவில் இருக்கும்போதா தான் இத்தனை வாரம் உருளையைச் சுற்றினோம் என்று நினைத்த டிரைவர், அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி மூலையில் வைத்தார். அப்படியே நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"இறுக்கினது நான்தான் சார். அவன்மேல தப்பே இல்ல. விசிறி வண்டியையே வாங்கிடுங்க."

"உருளைதான்னு அடம் புடிச்சீங்களே?"

"விசிறிக்கு ஒரு ஆளே போதும் சார்" என்றார்.

புது வண்டி வந்தது. முதல் சனிக்கிழமை, அடியில் ஒட்டியிருந்த புல்லைச் சுரண்டிக் கழுவி, பிளேடைப் பார்த்து, கிரீஸ் வைத்து முடித்தார். எவ்வளவு மெதுவாகச் செய்தும் சீக்கிரமே முடிந்துவிட்டது. இனி வீடு, டிவி. பூட்டை எடுத்துக்கொண்டு கதவருகே வந்தபோது ஃபிட்டர் கையை வீசிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

"வேலை ஒண்ணும் இல்லையே மாப்ள? நீ எதுக்கு வந்த?"

ஃபிட்டர் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"நல்லா கேட்டீங்க! நான் என்ன அந்த மெஷினுக்கா மச்சான்?"