வேங்கைக்குக் கட்டிய மஞ்சள் துணி

கல்வராயன் மலைமேல் இருக்கும் தாவரத் தோட்டத்தில் தோட்டக்காரி ரெஜினாவுக்குச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையைவிட ஆட்களை விரட்டுகிற வேலைதான் ஜாஸ்தி. அதிலும் அந்த ஒற்றை வேங்கை மரத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். வருகிறவர்கள் சாவியால் கீறியாவது பட்டையை உரித்துக்கொண்டு போனார்கள். மரம் சிவப்பாகப் பிசின் வடித்துக்கொண்டு நின்றது, பாவம். காட்டில் வேங்கை அருகிவிட்டது என்று விதைக்காகவே வளர்த்த மரம் அது. இந்த வருஷம்தான் முதல்முதலாகக் காய் பிடித்திருந்தது, குட்டி அப்பளம் மாதிரி.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஒருநாள், ரெஜினா மரத்தைச் சுற்றி மஞ்சள் துணி கட்டினாள். அடியில் மூன்று செங்கல் நட்டுக் குங்குமம் வைத்தாள்.

"இன்னாடி, மாதாவுக்குப் போட்டியா அம்மன் வெச்சுட்ட?" என்று சிரித்தான் அவள் புருஷன் லாரன்ஸ்.

"மாதா கோச்சுக்க மாட்டாங்க. நீ சோத்தத் துன்னு."

அதன்பிறகு ஒரு கைகூடப் பட்டையைத் தொடவில்லை. ரெஜினா உட்கார்ந்து டீ குடித்தாள். ஆனால் மெல்ல மெல்ல விளக்கு வந்தது, எண்ணெய் வந்தது, கற்பூரம் வந்தது. எல்லாம் வேர்மேலேயே எரிந்தன. இலை பழுத்துக் கொட்டியது. கூடவே காயும் பிஞ்சிலேயே உதிர்ந்தது. உச்சிக்கிளையில் ஒரு கொத்துதான் மிச்சம்.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து செல்லியம்மாள் கற்பூரத் தட்டோடு வந்தபோது, ரெஜினா துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! அம்மா துணியவா அவுக்கிற?"

பொய் சொல்லக்கூட உடம்பில் தெம்பில்லை ரெஜினாவுக்கு. "அம்மா இல்லக்கா. பட்டைய உரிக்கிறாங்கன்னு நான்தான் கட்டினேன்."

"இன்னா பேசற நீ? இங்க வேண்டிக்கினு போனப்புறம்தான் என் மருமவ முழுவாம இருக்கா!"

"அவளுக்கு நின்னுச்சு. இந்த மரத்துக்குப் பிஞ்சு நிக்கலியேக்கா. வேர சுட்டா எப்டி நிக்கும்?"

செல்லியம்மாள் காலடியில் கிடந்த பிஞ்சுகளைப் பார்த்தாள். அண்ணாந்து உச்சியைப் பார்த்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, துணியை வெடுக்கென்று பிடுங்கி, தானே மறுபடி மரத்தில் கட்டினாள்.

"துணி இருக்கட்டும். எடுத்தா நாளைக்கே உரிச்சுடுவானுங்க. வெளக்கெல்லாம் வாசக் கேட்டாண்ட இருக்கிற புங்க மரத்துக்கிட்ட வெக்கச் சொல்றேன்."

"ஏன்னு கேட்டா?"

"அம்மாவுக்குச் சூடு ஆவாதுன்னு சொல்றேன். ஒரு கொடம் தண்ணி ஊத்திட்டுப் போவட்டும்."

ரெஜினாவுக்குக் கால் இரண்டும் கடுத்தது. செங்கல்மேல் உட்காரப் போனவள், செல்லியம்மாள் முறைக்கிறாளே என்று நகர்ந்து மண்ணில் உட்கார்ந்தாள்.