ரேணுகா உதறிய சட்டைகள்

ஒரு வாரமாகக் கோதண்டராமன் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். கம்பெனி பஸ்ஸிலிருந்து கருங்குழியில் இறங்கும்போதே தலையை ஈரமாக வாரியிருப்பான்; உடம்பில் வேறு ஏதோ சோப்பு வாசனை. மறைமலைநகர் தொழிற்சாலைக்குப் போட்டுப் போகும் காக்கிச் சட்டை திரும்பி வரவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் சட்டைகளைத் துவைத்துவந்த ரேணுகா பொறுத்துப் பார்த்தாள். பிறகு சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எவ வூட்ல குளிச்சிட்டு வர்ற?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பான்.

"கம்பெனிலதான். பழைய ஷெட்டு கூரைய பிரிச்சிகினு கீறோம். அந்த ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு தூசி வூட்டுக்கு வரக்கூடாதாம். துணியக்கூட அங்கியே வாங்கி வெச்சிக்கிறாங்க."

"இத்த சொல்றதுக்கு இன்னா?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வேலை தொடங்கும் முன் பயிற்சி என்று எல்லோரையும் உட்காரவைத்திருந்தார்கள். தண்ணீர் தெளித்து, உடைக்காமல் சீட்டை இறக்க வேண்டும், முகமூடியைக் கழற்றக் கூடாது என்றெல்லாம் சொன்ன பெண் அதிகாரி, கடைசியாக இன்னொன்றும் சொன்னார். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருஷம் கழித்துத்தான் காட்டும். வேலை செய்தவர்களுக்கு மட்டுமல்ல, அவர்கள் துணியை உதறித் துவைத்த வீட்டுப் பெண்களுக்கும் நோய் வந்திருக்கிறது. மற்றவர்கள் டீ குடிக்க எழுந்து போனார்கள். இவன் உட்கார்ந்தே இருந்தான். ஒவ்வொரு வருஷமும் மழைக்காலத்துக்கு முன்னால் கூரையைப் பழுதுபார்க்க அந்தச் சீட்டுகளை அறுத்ததும் துளை போட்டதும் எப்போதும் அவன்தான். சாயங்காலம் ரேணுகா அவன் சட்டையைத் தோட்டத்துப் பக்கம் படபடவென்று உதறுவாள். வெளுத்த தூசி வெயிலில் பறக்கும். மாவு மில்லுக்கா போய் வருகிறாய் என்று கேலி செய்வாள்.

இதையெல்லாம் தலை தூக்காமல் சொல்லி முடித்தான்.

"எனக்கு வந்தா வரட்டும். ஒனக்கு நான் கொண்டாந்து குட்த்துட்டனோன்னு கீது, ரேணு."

அவன் தட்டில் சோறு காய்ந்துபோயிருந்தது. ரேணுகா ரசம் ஊற்றினாள்.

"தெரிஞ்சா கொண்டாந்த? துன்னு மொதல்ல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாம். ரெண்டு பேருமே பாத்துக்கலாம்."

செங்கல்பட்டில் முதலில் அவனுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இப்போது படம் சுத்தமாக வந்தாலும் வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அடுத்து ரேணுகாவின் முறை. கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்றார்கள். அவள் தயங்கினாள். பிறகு தாலிச் சரடைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"மூச்ச நல்லா இழுத்துப் புடிம்மா" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

வெளியே, சூடு ஆறாத சரடைக் கைக்குள் வைத்தபடி, கோதண்டராமனும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.