கூரையில் ஒட்டிய அப்பங்கள்

தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று, இசிக்-குல் ஏரிக்கரை ஊரான யெலோவ்காவின் கோயில் சமையலறையில், ஸ்தெபனிதா சுட்ட நாற்பத்தொரு பூசை அப்பங்களும் தட்டைவிட்டு எழும்பிக் கூரையில் ஒட்டிக்கொண்டன. மணியடிக்கும் யெர்மோலாய் ஆப்பிள் பறிக்கும் வலைக்கோலால் அவற்றை இறக்கினார். பூசை பத்து நிமிடம் தாமதமானது. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்பங்கள் எழும்பின; பழகிப்போனதால் அந்தத் தாமதமும் இல்லை.

பக்கத்து அடுப்பில் கபிதொலினாவின் அப்பங்கள் தட்டிலேயே கிடந்தன. பதினெட்டு ஆண்டுகளாக உயிர்ப்புத் திருநாள் அப்பம் அவள் கையால்தான். ஒரு மணி நேரத்தில் நூறு சுடுவாள். இம்முறை அது ஸ்தெபனிதாவுக்குப் போகலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு சூப்கூட இறங்கவில்லை.

"மாவுல சோடா கலக்குறா சாமி," என்று பாதிரியாரிடம் போனாள்.

"சோடா போட்டா உப்பும். பறக்காதும்மா."

ஸ்தெபனிதாவின் புளித்த மாவைத் திருடிப் பார்த்தாள், அப்பத்தில் பதிக்கும் சிலுவை அச்சையும் எடுத்துப் பார்த்தாள். அவள் அப்பம் ஒன்றும் அசையவில்லை. கடைசியில் கதவிடுக்கு வழியே உளவு பார்த்தாள். அச்சுப் பதித்த மாவில் குமிழி வந்து சிலுவை வெடிக்காமலிருக்கத் துளையிட வேண்டும். கபிதொலினா முள்கரண்டியால் ஒரே குத்து குத்துவாள். ஸ்தெபனிதாவோ ஊசியால் ஒவ்வொரு துளைக்கும் ஊரில் ஒருவர் பெயரைச் சொல்லி, அந்த முகம் மனதில் வரும்வரை காத்திருந்தாள். ஓர் அப்பத்துக்குக் கால் மணி நேரம்.

"இவ்ளோதானா? சரியான சோம்பேறி," என்று முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போய் கபிதொலினாவும் ஊசி எடுத்தாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் ஸ்தெபனிதாவின் முகமே வந்தது. சரி, அவளே வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாத் துளைக்கும் அந்த ஒரே பெயரைச் சொன்னாள். நாடியிலிருந்த மச்சம், அடுப்பில் கருகிய புருவம், கொடுமையான இருமல், எல்லாம் தெளியும்வரை ஒவ்வொரு துளைக்கும் காத்திருந்தாள். பொழுது சாய்வதற்குள் மூன்றே அப்பம். மூன்றும் தட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றன.

மறுநாள் கோயிலில் அவற்றைப் பார்த்த ஸ்தெபனிதா கைதட்டினாள். "யக்கா, உன்னதும் எழும்பிடுச்சு! யார் பேரச் சொன்ன?"

"உனக்கெதுக்குடி?"

திருநாள் அப்பம் சுடும் வேலையைப் பாதிரியார் இருவருக்கும் பாதியாகப் பிரித்துக்கொடுத்தார். கபிதொலினாவின் அப்பங்களுக்கென்று யெர்மோலாய் குட்டையான கோல் ஒன்று செய்தார். ஆண்டுக்கு அரைச் சாண் வீதம் கபிதொலினாவின் அப்பங்கள் உயர்ந்தன. சுவரில் கரிக்கோடு போட்டு வந்தாள். பதினோராம் ஆண்டு, கூரையைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி என்றிருந்தபோது, பனிப் பாரம் தாங்காத பழைய கூரையைத் தச்சன் ஒருவன் பிரித்து ஒரு முழம் உயர்த்திக் கட்டினான். ஸ்தெபனிதாவின் அப்பங்கள் அந்த ஞாயிறே புதுக் கூரையில் போய் ஒட்டின. அந்தத் தச்சனோடு கபிதொலினா இன்றுவரை பேசுவதில்லை.