பதினோராம் அத்தியாயத்தில் ஒரு சொல்

1

இந்தக் கதை என் தங்கையிடம் திருடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஐடியா எல்லாம் எங்கேருந்து சார் வருது?" என்று வாசகர்கள் கேட்கும்போதெல்லாம், "காலையில நடக்கும்போது" என்று பதினெட்டு வருடங்களாகப் புளுகியிருக்கிறேன். நடக்கும்போது வருவது முட்டிவலி. ஐடியா, பக்கத்தில் இருப்பவர் அழும்போது வரும்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'கதவு தட்டப்பட்டது. திறந்தால் வாசலில் ஒரு பெண், கையில் ஒரு ரிவா...'

அடித்துவிட்டேன். தங்கை கதவைத் தட்டவில்லை, காலால் தள்ளினாள். கையில் இருந்தது சுருட்டிய வாரப் பத்திரிகை. (ரிவால்வரே தேவலை.)

மணி பத்தரை. தினமும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான் எழுதும் நேரம். பெற்ற தாயே வந்தாலும் கதவு திறக்காது என்று பேட்டிகளில் பெருமையடித்திருக்கிறேன். அன்று அந்தப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த என் தொடர்கதையின் கடைசி அத்தியாயம் மதியத்துக்குள் ஆசிரியர் கைக்குப் போயாக வேண்டும்.

"இது யார் சொன்னது, அண்ணா?" என்று பதினோராம் அத்தியாயத்தைப் பிரித்து மேஜையில் போட்டாள்.

3

படிக்காதவர்களுக்கு: கதாநாயகியின் கணவன் காணாமல் போகிறான். கடத்தல் என்று போலீஸ் தேடுகிறது. துப்பறிவாளர் அவளிடம், 'கிளம்பும்போது என்ன சொன்னார்?' என்கிறார். 'போறேன்னார்' என்கிறாள். அவர் டைரியை மூடிவிடுகிறார். வீட்டை விட்டுக் கிளம்புகிற எவனும் 'வரேன்' என்றுதான் சொல்வான். 'போறேன்' என்றவன் திரும்பி வரக் கிளம்பியவன் இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தே விட்டாள்.

ஆசிரியர், "பின்னிட்டீங்க" என்றார்.

அந்தச் சொல் என் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், ஏழு வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போன அன்று சொன்னது. தங்கை துணி மடித்துக்கொண்டே அதை என்னிடம் மட்டும் சொன்னாள். "சரி விடும்மா" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்து நோட்டில் குறித்துக்கொண்டேன்.*

* தேதி போட்டு. எழுத்தாளனுக்கு ஒழுக்கம் முக்கியமாம். அந்த நோட்டைக் கொளுத்த வேண்டும்.

4

"பொண்ணு படிச்சிட்டா. 'அப்பா உன்கிட்ட என்னம்மா சொல்லிட்டுப் போனாரு?'ன்னு கேக்கறா. 'வரேன்'னு சொன்னதா ஏழு வருஷமா அவளை நம்ப வெச்சிருக்கேன்."

"மாமாவோட கற்பனைன்னு சொல்லேன்."

"உனக்குக் கற்பனையே கிடையாதுன்னு அவளுக்குத் தெரியும்."

எந்த விமர்சகனும் இவ்வளவு சரியாக அடித்ததில்லை.

"கடைசி அத்தியாயத்துல மாத்து. மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு, அவ காதுல சரியா விழலைன்னு எழுது."

"கதை படுத்துடும்மா."

"நான் படுத்தா பரவாயில்லையா?"

5

முடிவு ஒன்று: மிக்ஸி ஓடுகிறது. என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. தங்கை தப்பிப்பாள். பதினோராம் அத்தியாயத்தைக் கொண்டாடியவர்கள் என்னைக் காறித் துப்புவார்கள்.

முடிவு இரண்டு: அவள் தெளிவாகக் கேட்டாள். கேட்டும் தடுக்கவில்லை. ஏனென்றால்

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். அதற்குமேல் எனக்குத் தெரியாது.)

"ஏன் தடுக்கலை?" என்று கேட்டேவிட்டேன்.

"பேனாவைக் கீழ வெச்சிட்டுக் கேளு."

பார்த்தேன். மூடியைத் திறந்து தயாராகப் பிடித்திருந்தேன். என் கையை நானே வெட்டிப் போட்டிருக்கலாம்.

6

என் போன் அடித்தது. தங்கையின் பெண். தங்கை ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, அம்மா அங்கயா இருக்காங்க? அந்தக் கதையில வர்றது எங்கப்பாவா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். வாரத்துக்கு எட்டுப் பக்கம் பொய் எழுதுகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

தங்கை போனைக் கையில் எடுத்தாள். "நான் சொல்றேன்டி. முதல்ல உட்காரு."

நான் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினேன்.

இதை எழுதட்டுமா என்று பிற்பாடு அவளிடம் கேட்டேன். "போன்ல பேசினதைத் தவிர எதை வேணா எழுதிக்கோ" என்றாள். அதுதான் எனக்குத் தெரியாதே. கதவில் காதை வைத்திருந்தால் அருமையான கடைசி அத்தியாயம் கிடைத்திருக்கும். அத்தியாயம் எங்கே என்று ஆசிரியர் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார். நீங்களும் இந்த வரி வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் என்னை இப்படி ஆக்கினீர்கள்.

முடிவு ஓர் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.