சங்கிலி ஜெபத்தில் ஓர் ஆமென்

இந்தச் சபையில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. அதற்காகத்தான் ஜெபம் இருக்கிறது.

அது எப்படி நடக்கிறது என்பதைப் பொறுமையாகச் சொல்லலாம். ரசிக்கத் தகுந்த ஏற்பாடு. வாரத்தின் நடுவில் ஒரு மாலை, ஆலயத்தை ஒட்டிய சிறிய கூடத்தில் நிர்வாகக் குழு கூடும். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, முதலில் சங்கிலி ஜெபம். ஒருவர் ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் தொடங்குவார். அப்படியே சுற்றிவந்து போதகர் முடித்துவைப்பார். எல்லோரும் கண்ணை மூடியிருக்க வேண்டும். ஒருவர் ஜெபிக்கும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். யாரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் மறுக்க முடியாது, முறைக்கக்கூட முடியாது. சொன்னது அவரிடம் அல்ல, ஆண்டவரிடம். குழுவில் ஒருவரான தையல்காரர் பாடகர் குழு அங்கியைத் தாமதமாகக் கொடுத்தால், "ஆண்டவரே, வாக்குத் தவறும் உதடுகளை மன்னியும்" என்று ஒரு குரல் எழும். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வார்.

இதில் எந்த நாற்காலி என்பது முக்கியம். முதலில் ஜெபிப்பவருக்குப் பின்னால் வருபவர்கள் பதில் கொடுத்துவிடலாம். போதகருக்கு முந்தைய நாற்காலியில் இருப்பவருக்குப் பதில் கொடுக்கப் போதகர் ஒருவரே மிச்சம். அவரோ தம் வீட்டுக் கூரை ஒழுகுவதைக் குழு எப்போது கவனிக்கும் என்று காத்திருப்பவர். ஆகவே செயலர் முன்கூட்டியே வந்து, பஸ்ஸில் இடம்பிடிப்பதுபோல, அந்த நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டுவிடுவார்.

இனி ஆமென். ஜெபத்தின் முடிவில் சொல்வது ஒன்று. நடுநடுவே கேட்பவர்கள் போடுவது இன்னொன்று. நடுவில் போடுவதில் செயலரை மிஞ்ச ஆளில்லை. யார் எங்கே மூச்சு வாங்கினாலும் அங்கே ஓர் ஆமென் விழும். முன்பெல்லாம் மற்றவர்களும் தாராளமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் செயலர், "இந்தச் சகோதரனின் கைகள் உம் ஆலயத்துத் திரைகளைக் காணிக்கையாகத் தைக்கட்டும்" என்று ஜெபிக்க, தையல்காரர் வாய் தவறி ஆமென் சொல்லிவிட்டார். ஜன்னல் ஜன்னலாகத் தைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. "சங்கிலியில ஆமென் சொன்னா அது தீர்மானம் மாதிரி" என்றார் செயலர். அன்றிலிருந்து மற்றவர்கள் உதட்டை இறுக்கிக்கொண்டார்கள். செயலருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி; யார் என்ன ஜெபித்தாலும் அதைத் திருத்திவிட அவர் முறை கடைசியில் வரும்.

ஆலயத்தின் பின்புறம் ஒரே ஜன்னல் உள்ள ஓர் அறை. அதில் செயலருடைய தம்பியின் மனைவி இருந்தாள். தம்பி அந்த ஆலயத்தைப் பெருக்கித் துடைத்து மணியடித்துச் செத்துப்போனவன். இப்போது அதே வேலையை அவள் செய்கிறாள். ஒரு பிற்பகல் செயலர் அளவு நாடாவை நீட்டிக்கொண்டு அறைக்குள் நுழைந்தார்.

"என்ன அத்தான், எனக்குப் பெட்டி செய்ய அளவா?"

"வாயைக் கழுவும்மா. ஆராதனைய இனி நேரலையா விடப்போறோம். கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் வைக்க எடம் வேணும்ல?"

"அப்ப நான்?"

"நம்ம வீடு எதுக்கு இருக்கு? பின்கட்டு சும்மாதான கெடக்கு. அக்காவுக்கும் கூடமாட ஒத்தாசையா இருப்பே."

பின்கட்டு என்பது துணி காயப்போடும் இடம். ஒத்தாசை என்பது பாத்திரம். இரண்டும் அவளுக்குத் தெரியும். இந்த அறையில் அவள் சமைத்தது அவளுக்கு, தாழ்ப்பாள் அவள் கையில். அதைவிட்டால் மிச்ச ஆயுளுக்கும் அடுத்தவர் வீட்டு அடுப்படிதான்.

"அக்கா கூப்பிட்டாங்களா, நீங்க கூப்பிடுறீங்களா அத்தான்?"

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். மொதல்ல ஜெபத்துல வைப்போம்."

இந்தச் சபையில் ஜெபத்தில் வைப்போம் என்றால் முடிவாகிவிட்டது என்று பொருள். அவர் போனபின் பார்த்தால் அளவு நாடா ஜன்னல் திட்டிலேயே கிடந்தது.

சனிக்கிழமை பீடத்துக்குப் பூ வைக்கச் செயலரின் மனைவி வந்தாள். பெண்கள் சங்கத் தலைவி. தன் ஓரகத்தி துடைப்பமும் கையுமாக நிற்கிற திசையைப் பார்க்காமலே பல வருடங்கள் பூ வைத்தவள்.

"அக்கா, உங்க பின்கட்டுல மழை அடிக்குமா?"

"ஏன் கேக்குறே?"

"அங்கதான் எனக்குக் கட்டிலாம். அத்தான் ஜெபத்துல வைக்கிறாராம்."

பூச்செண்டு சாய்ந்தது. செயலரின் மனைவி அதை நிமிர்த்தவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவளும் வந்து உட்கார்ந்தாள். சங்கத் தலைவிக்கு அந்த உரிமை உண்டு. வருகிற நாட்களில் வழக்கமாக மின்விசிறிக்குக் கீழே இருப்பாள். அன்று தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து செயலருக்கும் போதகருக்கும் நடுவே செருகினாள். போதகர் ஒதுங்கி இடம் கொடுத்தார். தன் மனைவிதானே என்று செயலர் சும்மா இருந்தார். ஒரு நாற்காலி நுழைந்தால் சங்கிலியின் கணக்கே மாறிவிடும் என்பதை அவர் நினைத்துப்பார்க்கவில்லை.

தம்பி மனைவி தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றாள். அந்தக் கூடத்தில் கண்ணைத் திறந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

தையல்காரர் தம் மனைவியின் மூட்டுவலிக்காக ஜெபித்தார். பல் டாக்டர் உலக சமாதானத்துக்காக ஜெபித்தார். அவருக்கு எந்தத் தகராறிலும் விருப்பமில்லை. பிறகு செயலர் தொண்டையைச் செருமினார்.

"அன்பின் பரம பிதாவே, தனிமையில் வாடும் உம் மகளை ஒரு குடும்பத்தின் நிழலுக்குள் கொண்டுவாரும். அவள் காலிசெய்யும் அறையிலிருந்து உம் வார்த்தை உலகெங்கும் போய்ச் சேரட்டும். ஆமென்."

மனைவி தொடங்கினாள். குரல் தேனாக இருந்தது.

"அன்பின் பரம பிதாவே, என் ஓரகத்தியை ஏற்றுக்கொள்ள என் கணவருடைய இருதயத்தைத் திறந்தீரே, ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றார் செயலர், மகிழ்ந்துபோய்.

"உம் மகளைத் துணி காயும் இடத்தில் படுக்கவைத்தால் உம் நாமம் மகிமைப்படுமா, ஆண்டவரே? எங்களிடம் உள்ளதில் சிறந்ததைக் கொடுக்கப் பெலன் தாரும்."

"ஆமென்."

"ஏசி உள்ள முன்னறையை, அந்தப் பெரிய டிவியோடு, அவளுக்கு விட்டுக்கொடுத்து, பின்கட்டில் பாய் விரித்துப் படுக்க என் கணவருக்குத் தாழ்மையைத் தாரும்."

"ஆமென்."

துணி தீர்ந்தது தெரியாமல் ஓடும் தையல் மிஷின்போல வாய் சொல்லிவிட்டது. கண் அதற்குப் பிறகுதான் திறந்தது.

"ஆமென்!" என்றார் தையல்காரர், கூடம் அதிர. பல் டாக்டரும் மெதுவாக ஒன்று போட்டுவைத்தார். போதகர் அவசரமாக ஆசீர்வாதம் கூறி முடித்தார்.

"அது… நான் பழக்கத்துல சொன்ன ஆமென்" என்றார் செயலர்.

"அப்படிச் சொன்னா எப்படிண்ணே? சங்கிலியில சொன்னா தீர்மானம் மாதிரி. நீங்க சொன்னதுதான்." தையல்காரர் ஜன்னலைக் காட்டினார். "திரை இன்னும் நல்லாத்தான் தொங்குது."

"நான் மெத்தைய நாளைக்கே வெயில்ல போடுறேங்க" என்றாள் மனைவி, கண்ணில் பக்தி பொங்க. இருபத்துநாலு மணி நேரமும் கிரிக்கெட் பார்க்கும் மனிதன் அந்த முன்னறையை விடமாட்டான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஆண்டவருடைய சித்தம் வேற மாதிரி இருக்கலாம். காத்திருந்து ஜெபிப்போமே" என்றார் போதகர். காத்திருப்போம் என்றால் கைவிட்டாயிற்று என்று பொருள்.

"ஆமா, ஆமா. கேமராவை மாடிப்படிக்குக் கீழயே வச்சுக்கலாம். அங்கதான் காத்தோட்டம்" என்றார் செயலர்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சாட்சி சொன்னார். சிலர் அந்த அறையை எடுக்கச் சொன்னார்களாம்; விதவையின் விளக்கை நகர்த்தாதே என்று ஆண்டவர் அவரைத் தடுத்தாராம். அந்தச் சிலர் யார் என்று அத்தனை பேருக்கும் தெரியும். கைதட்டினார்கள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி மனைவியை எழுந்து நிற்கச் சொல்லி, அவளுக்காக இன்னொரு கைதட்டல்.

ஆராதனை முடிந்து செயலரின் மனைவி அவளருகே வந்தாள். "ஒரு நன்றிகூடச் சொல்லத் தோணலையா ஒனக்கு?"

"எதுக்குக்கா? உங்க வீட்டை நீங்க காப்பாத்திக்கிட்டீங்க. நானா அங்க வர ஆசைப்பட்டேன்?"

அவள் அறைக்குப் போய், ஜன்னல் திட்டிலிருந்த அளவு நாடாவை எடுத்துவந்தாள். ஆலய வாசலில், மறந்துவிட்டுப் போன குடைகளையும் மூக்குக்கண்ணாடிகளையும் போட்டுவைக்கும் ஒரு பெட்டி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நன்றாகத் தெரியும்படி, அதை வைத்தாள்.

யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். செயலரின் பெயரே அதன் தகர உறையில் கீறியிருக்கிறது. எடுத்தால் எங்கே விட்டார் என்று சொல்ல வேண்டிவரும். வாரந்தோறும் அவர் அந்தப் பெட்டியைத் தாண்டி, மேலே கூரையைப் பார்த்தபடி உள்ளே போகிறார்.