படையல் இலையில் கை வைத்தவர்

சந்திரமதி கல்யாணமாகிக் காஜா பெராங்குக்கு வந்தபோது, அவளுக்கும் புருஷன் தனபாலனுக்கும் பொதுவாக இருந்தது அரை மொழிதான். அவள் புக்கிட் ரம்பாய் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள். வீட்டில் தமிழ், மலாய் கடைத்தெருவுக்குப் போதுமான அளவு. அவன் அங்கேயே கம்போங் செட்டி என்ற செட்டிகள் குடியிருப்பில் பிறந்தவன். அங்கே மாரியம்மனைக் கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள், பேசுவது மட்டும் மலாய். சைக்கிள் கடைக்கு வரும் தோட்டத்து ஆட்களிடம் பொறுக்கிச் சேர்த்த தமிழில்தான் அவன் பெண்டாட்டியிடம் பேசினான்.

ஜப்பான்காரன் காலத்தில் வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் தைரியமில்லை. லாரிச் சத்தம் கேட்டாலே பெண்களை ரப்பர் காட்டுக்குள் ஓடச் சொல்வார்கள். அதனால் பேச்சு எடுத்த மாதத்திலேயே தாலி ஏறிவிட்டது. மேளம் இல்லை, விருந்தும் இல்லை. வந்தவர்களுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கும் சீனி போடாத காப்பியும் கொடுத்தார்கள்.

புகுந்த வீட்டில் மாமியார் அன்னம்மாவும் மூத்த மருமகள் இந்திராவும் இருந்தார்கள். மாமனார் சண்டைக்கு முன்பே காலமாகிவிட்டார். மூத்த மகன் கருணாகரனைப் போன வருஷம் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. எதிர்வீட்டில் அன்னம்மாவின் தம்பி சேதுபதி இருந்தார். கம்போங்கின் காவல் சங்கத்தில் அவர்தான் தலைவர். புது ஆள் யாராவது வந்து தங்கினால் ஜப்பான்காரனிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருடையது. சொல்லாமல் விட்ட இன்னொரு கம்போங் தலைவரை அவர்கள் பிடித்துப்போய் அடித்துத் திருப்பி அனுப்பிய கதையை எல்லாரும் அறிந்திருந்தார்கள்.

போகிப் பண்டிகை வந்தது. அன்று செட்டிகள் செத்துப்போன முன்னோர்களுக்குப் படையல் போடுவார்கள். பர்ச்சு என்று பெயர். அந்த வருஷம் கூப்பனுக்குக்கூட அரிசி அபூர்வமாகத்தான் கிடைத்தது. அன்னம்மா எப்போதோ ஒளித்து வைத்திருந்த அரிசியை எடுத்தாள். மிச்சமிருந்த ஒரே சேவலை அறுத்தாள். புளிப்பான பிலிம்பிங் காய் போட்டு நெத்திலிச் சம்பல் செய்தாள். கூடத்தில் இலைகள் விரித்து, செத்தவர் ஒவ்வொருவர் பெயரும் சொல்லிப் பரிமாறினார்கள். அந்த வீட்டு வழக்கப்படி கடைசியில் ஓர் இலை பெயர் சொல்லாமல் போடப்படும். யாரை மறந்திருந்தாலும் அவர் வந்து சாப்பிடட்டும் என்று.

சேதுபதி சாம்பிராணி காட்டினார். சமையல்கட்டுப் பக்கக் கதவுக்கு உள்ளேயிருந்து கட்டையைப் போட்டுவிட்டு, முன்கதவு வழியாக வெளியே வந்து சாத்தினார். எல்லாரும் வாசலில் நின்றார்கள். சந்திரமதி மட்டும் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

கதவைத் திறந்தபோது, பெயர் சொல்லாத இலை காலியாக இருந்தது. சோறு, கோழி, சம்பல் எல்லாம் போய்விட்டது, ஓரத்தில் வைத்த வாழைப்பழம் மட்டும் கிடந்தது. மற்ற இலைகளில் ஒரு பருக்கை குறையவில்லை. சமையல்கட்டுக் கதவில் போட்ட கட்டை போட்டபடியே கிடந்தது.

அன்னம்மா அந்த இலைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கருணா சுடா பாலெக்," என்றாள்.

கருணா திரும்பி வந்துவிட்டான் என்று அர்த்தம். அந்த அளவு மலாய் சந்திரமதிக்குப் புரிந்தது. பிலிம்பிங் சம்பல் என்றால் கருணாகரனுக்கு உயிர். செத்தவர்கள் வரும் நாளில் வந்து, பெயர் சொல்லாத இலையில் சாப்பிட்டிருக்கிறான். அன்னம்மாவுக்கு இதற்குமேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"மூசாங்," என்றாள் இந்திரா. மரநாயாக இருக்கும், சில நாளாகவே கூரையில் ஓடுகிறது என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அழவில்லை.

சேதுபதி இல்லை என்று தலையை ஆட்டினார். பொங்கல் கழிந்ததும் கருமாதி செய்துவிடலாம், அன்றைக்கே இந்திராவின் தாலியை வாங்கிவிடலாம் என்றார்.

"தர மாட்டேன்," என்றாள் இந்திரா. இந்த வார்த்தையை மட்டும் தமிழில் சொன்னாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இலைகளை எடுக்கும் வேலை சந்திரமதிக்கு வந்தது. காலி இலையைப் பழத்தோடு கையில் எடுத்தவள் அதை எறியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தனபாலனைக் கூப்பிட்டாள்.

அவன் வந்ததும் முதலில் கேட்டது வேறு.

"கோபம் வேணாம். கேக்கணும். நீ சாப்பிட்டதா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நான் பட்டினி கிடந்து செத்தாலும் படையல்ல கை வைக்க மாட்டேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

"நான் வாசல்ல மாமா பக்கத்துல நின்னுச்சு."

"சரி. அப்ப இதப் பாருங்க."

இலையின் நடுவில் ஒரு மடிப்பு ஓடியிருந்தது. யாரோ சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் இலையை மூடி, பிறகு நினைத்துக்கொண்டு திரும்ப விரித்திருக்கிறார்கள். வாழையிலையில் விழுந்த மடிப்பு மறையாது.

"மூசாங் இலைய மூடுமா? பேய்தான் மூடுமா? அதோட இந்த இலையில ரெண்டு பிசாங் வச்சோம். அது அப்படியே கெடக்கு. மூசாங் வந்திருந்தா பழத்தத்தான் மொதல்ல தின்னிருக்கும்."

தனபாலன் வாழைப்பழத்தைப் பார்த்தான், இலையைப் பார்த்தான், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். அவளை அவன் அவ்வளவு நேரம் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்ப ஆளு," என்றான். "உயிரோட ஆளு. எப்படி உள்ள வந்துச்சு?"

மறுநாள் பொங்கல். பால் பொங்கியபின் அன்னம்மா கோயிலுக்குப் போனாள். அந்த நேரத்தில் இருவரும் சமையல்கட்டுக் கதவைச் சோதித்தார்கள். தனபாலன் சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்து, பலகை இடுக்கில் விட்டுக் கட்டையைத் தூக்கினான். தூக்க முடிந்தது. ஆனால் மறுபடி விழும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி டொக்கென்று விழுந்தது. எத்தனை மெதுவாக விட்டாலும் அதே சத்தம். வாசலில் நின்றவர்களுக்கு அது கேட்காமல் இருந்திருக்காது.

"இது இல்ல," என்றான்.

சந்திரமதி அண்ணாந்து பார்த்தாள். கூடத்துக்கும் பக்கத்துச் சாமான் அறைக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரைவரை போகவில்லை. காற்றுக்காக மேலே விட்டிருந்தார்கள். சாமான் அறைக்கு மேலே பரண். பழைய கல்யாணப் பந்தல் பலகைகளும் பெட்டிகளும் அங்கே கிடந்தன. பெயர் சொல்லாத இலை போட்டிருந்த இடத்துக்கு நேர் மேலே, சுவரின் விளிம்பில் தூசி துடைத்தாற்போல் இருந்தது. மற்ற இடமெல்லாம் விரல் கனத்துக்குத் தூசி.

அவளுக்குச் சில விஷயங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இந்திரா எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை. தன் பங்குக் கிழங்கைத் தட்டோடு எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போவாள். அங்கே கூட்டப் போனால், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று விளக்குமாற்றை வாங்கிக்கொள்வாள். ஒரு தட்டுக் கிழங்கு தின்கிறவள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். தாலியைக் கேட்டபோது அவள் துக்கப்படவில்லை, பயப்பட்டாள்.

"உங்க அண்ணி எங்க?" என்று கேட்டாள்.

"அரிசிக் கூப்பன் வரிசைல."

"ஏணிய வைங்க."

தனபாலன் ஏறினான். பெட்டிகளுக்குப் பின்னால் கோணிச் சாக்கு அசைந்தது.

"பாலன்," என்றது ஒரு குரல். "ஜாங்ஙான் ஜெரிட்."

கத்தாதே என்று அதற்குப் பொருள். தனபாலன் கத்தவில்லை. ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கருணாகரன் சயாம் எல்லையைத் தாண்டவே இல்லை. ரயில் நின்ற இடத்தில் இறங்கி ஓடியவன், காட்டோரமாகவும் தோட்டங்களிலும் கூலி வேலை செய்துகொண்டு மாதக்கணக்கில் தெற்கே நடந்திருக்கிறான். மலேரியா காய்ச்சலோடு வந்து சேர்ந்தவனை இந்திராதான் கொல்லைப்பக்கம் கண்டு பரணில் ஏற்றினாள். தன் சோற்றில் பாதிக்கு மேல் அவனுக்குப் போட்டாள். அம்மாவிடம் சொல்லலாமே என்று தனபாலன் கேட்டான்.

"அம்மாக்குச் சொன்னா, அம்மா மாரியம்மன் கோயில்ல சத்தமா நேந்துக்கும். மாமாக்குக் கேக்கும்," என்றான் கருணாகரன். கொச்சைத் தமிழிலேயே பேசினான். கீழே நிற்கும் தம்பி பெண்டாட்டிக்கும் புரியட்டும் என்று நினைத்திருக்கலாம். "கோழி வாசம் வந்துச்சு. ஒன்னும் யோசிக்கல. எறங்கிட்டேன். அப்பா எலையில கை வைக்க மனசு வரல. பேரு இல்லாத எலை நம்ம எலைதானேன்னு..."

சந்திரமதி ஒரு சொம்பு தண்ணீரை ஏணி வழியாக நீட்டினாள்.

இந்திரா திரும்பி வந்து, சாமான் அறையில் ஏணி நிற்பதைக் கண்டாள். கையிலிருந்த பையைக் கீழே போட்டாள். சிந்திய அரிசியை மூவருமாகக் குனிந்து பொறுக்கினார்கள்.

"மாமா கெட்டவர் இல்ல," என்றாள் பிறகு இந்திரா. "ஆனா அவருக்கும் பிள்ளைங்க இருக்கு."

கருமாதிக்குக் குறித்த நாள் நெருங்கியது. தாலியைக் கழற்றினால் இந்திரா அதைத் தாங்குவாளா என்பது ஒரு கேள்வி. கழற்ற மாட்டேன் என்று அவள் அடம் பிடித்தால் சேதுபதி காரணம் தேடுவார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. படையலைச் சாப்பிட்டது உயிருள்ள ஆள் என்று அன்னம்மா நம்ப வேண்டும். அந்த ஆள் கருணாகரனாகவும் இருக்கக் கூடாது.

"நான் சாப்பிட்டேன்னு சொல்றேன்," என்றான் தனபாலன்.

"நீங்க மாமா பக்கத்துல நின்னீங்க. யாரு நம்புவா? வாசல்ல இல்லாதது நான் ஒருத்திதான்." சந்திரமதி இதை ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். "அக்கம்பக்கத்துல இப்பவே அப்படித்தான் பேசிக்கிறாங்க."

"சொன்னா அப்புறம் அந்தப் பேரு போகாது."

"தெரியும்."

கருமாதி நாள் காலை சேதுபதி குளித்துவிட்டு வந்திருந்தார். உறவுப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இந்திராவை மணையில் உட்காரச் சொன்னபோது சந்திரமதி முன்னால் வந்து அன்னம்மாவின் காலில் விழுந்தாள்.

"நான்தான் அத்தை. பசி தாங்கல. கம்பியால கட்டையத் தூக்கி உள்ள போனேன். நான்தான் சாப்பிட்டேன்."

தனபாலன் அதை மலாயில் சொன்னான். சொல்லும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெட்கத்தால் என்று எல்லாரும் நினைத்தார்கள். சேதுபதி கதவைப் போய்ப் பார்த்தார். தனபாலன் கம்பியை விட்டுக் கட்டையைத் தூக்கிக் காட்டினான். திரும்ப விழாதபடி கையால் பிடித்துக்கொண்டான். கூடத்தில் பெண்கள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அந்த இரைச்சலில் யாருக்கும் இரண்டாவது கேள்வி தோன்றவில்லை.

அன்னம்மா மருமகளை அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. மகன் செத்துப்போகவில்லை என்ற நினைப்பு முதலில் வந்தது. அவள் கண்ணை மூடி மாரியம்மாவைக் கூப்பிட்டாள், கருமாதியை நிறுத்தச் சொன்னாள். செத்தவர்கள் சோற்றைத் தின்ற பெண் தன் வீட்டில் இருக்கிறாள் என்ற நினைப்பு அப்புறம் வந்தது. அன்றிலிருந்து சந்திரமதி கொடுத்த தண்ணீரைக்கூட அவள் வாங்கிக் குடிக்கவில்லை. அடுத்த பர்ச்சுக்கு, படையல் முடியும்வரை சந்திரமதியை எதிர்வீட்டில் உட்காரவைத்தார்கள். சந்தில் போகிறவர்கள், படையல் தின்ன பொண்ணு என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

காய்ச்சல் விட்டதும் கருணாகரனை வீட்டிலிருந்து அனுப்பினார்கள். இருட்டில் போகிறவனைத்தான் நிறுத்துவார்கள் என்று சந்திரமதி சொன்னாள். அதனால் அன்னம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு பட்டப்பகலில், கிழிந்த கால்சட்டையும் தலையில் துண்டுமாக, விறகு ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தம்பியின் பின்னால் நடந்தான். அந்த நாளில் எல்லாரும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார்கள். வாசலில் பல் குச்சியோடு நின்ற சேதுபதி தனபாலனைப் பார்த்துத் தலையசைத்தார், கூலிக்காரனைப் பார்க்கவில்லை. புக்கிட் பாருவுக்கு அப்பால் தனபாலனுக்குத் தெரிந்த நல்லையா என்பவர் கிழங்குத் தோட்டம் போட்டிருந்தார். அங்கே ஒரு குடிசையில் கருணாகரன் வேறு பெயரில் இருந்தான்.

தனபாலனும் சந்திரமதியும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிழங்கு வாங்கப் போகிற மாதிரி அங்கே போய் வந்தார்கள். போகும் வழியில் அவன் அவளுக்கு மலாய் சொல்லிக் கொடுத்தான், அவள் அவன் தமிழைத் திருத்தினாள். "நின்னுச்சு இல்ல, நின்னேன்," என்பாள். அவன் வேண்டுமென்றே மறுபடியும் தப்பாகச் சொல்வான். வீட்டில் அவளோடு வாய்விட்டுப் பேச இந்திராவைத் தவிர யாருமில்லை என்பதால், அந்த நடைக்காக அவள் வாரம் முழுவதும் காத்திருந்தாள்.

ஜப்பான்காரன் சரணடைந்த சேதி உறுதியானபின் கருணாகரன் தன் பெயரோடு வீட்டுக்கு நடந்து வந்தான். அன்னம்மா வாசலில் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு எழுந்து, அவன் முகத்தையும் தோளையும் காதையும் தடவித் தடவிப் பார்த்தாள். முழுக்கதையும் கேட்டபின் அவள் கோபம் இந்திராவின்மேல் திரும்பியது. தன் தலைக்கு மேலேயே மகனை வைத்துக்கொண்டு தன்னிடம் மறைத்தாளே என்று பல மாதம் அவளோடு பேசவில்லை. சந்திரமதியிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவள் கொடுத்த காப்பியை மட்டும் வாங்கிக் குடித்தாள்.

சேதுபதியிடம் கருணாகரன் நேராகவே கேட்டான்: தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"சொல்லியிருப்பேன்," என்றார் அவர். அதன்பின் நெடுநாள் அவர் அக்காள் வீட்டுப் படி ஏறவில்லை. கடைசியில் கருணாகரன்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான்.

சந்தில் சிலருக்கு உண்மை போய்ச் சேரவே இல்லை. ஒருநாள் இரண்டு பெண்கள் அந்தப் பழைய பேச்சைப் பேசிக்கொண்டு போனது தனபாலன் காதில் விழுந்தது. எழுந்து போகப் பார்த்தான்.

"விடுங்க," என்றாள் சந்திரமதி. அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுவதே பெரும்பாடாக இருந்தது. "அவங்களுக்குச் சொல்லிப் புரியவைக்கிற நேரத்துல ரெண்டு கொடம் தண்ணி எடுத்து வைங்க."

அவன் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.